முப்பத்தேழாம் நம்பர் ட்யூப்

ஷ்யாம் லேபுக்குள்ள நுழைஞ்சாலே எனக்கு வயிறு காந்தும். மறைச்சு என்ன ஆகப்போகுது, பொறாமைதான்.

நான் இங்க பதினோரு வருஷமா ஒப்பந்தத்துல ரத்தம் எடுக்குறேன். அவன் வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. கோரிப்பாளையத்துல பஸ்ஸ விட்டு எறங்கி வேர்த்து விறுவிறுத்து நான் வந்து சேர்றப்ப, அவன் மைத்ரேயி மேடத்துக்கு எதிர்ல ஒக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருப்பான். எதுக்கெடுத்தாலும் மேடம் அவனத்தான் கேப்பாங்க. சூரியபிரகாஷ்னு ஒருத்தன் அங்க நிக்கிறது அவுங்க கண்ணுக்கே தெரியாது.

எங்க லேபுல தொழுநோய் ஆராய்ச்சி நடக்குது. தோல்ல நல்லாத் தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல சில அடையாளம் தெரியும், அத வச்சு சந்தேகப்படுற ஆளுங்கள டாக்டர்கிட்ட சீக்கிரமா அனுப்பிரலாம்ங்கிறது மேடத்தோட யோசன. அந்த டெஸ்ட்டத்தான் ஷ்யாம் செய்யிறான்.

இந்த நேரம் பாத்து ஒரு பெர்மனென்ட் போஸ்ட் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. மேடம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சு, அறுபது ட்யூப்ல டெஸ்ட்ட சோதிப்போம், அறுபதும் சரியா வந்தா ஷ்யாமுக்கு வேல, ஒண்ணு பிசகினாலும் சீனியாரிட்டிப்படி சூரியாவுக்குன்னு சொல்லிட்டாங்க.

பழங்காநத்தத்துல என் பொண்டாட்டி கனகலட்சுமி, இந்தத் தடவையாவது கெடைக்குமான்னு தெனமும் கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?

ரத்தம் எடுத்து நம்பர் ஒட்டுறது என் வேல. எந்த நம்பர் நோயாளி, எது நோயில்லாத ஆளுன்னு எழுதி, அந்த லிஸ்ட்ட மேடம் பீரோவுல வச்சிருவேன். ஷ்யாமுக்கு வெறும் நம்பர் மட்டுந்தான் போகும்.

கடைசி நாளு பாக்கி இருந்தது முப்பத்தேழாம் நம்பர் ட்யூப் ஒண்ணுதான். அதுக்கு வரவேண்டிய நோயாளி மேலூர் மொக்கைச்சாமி வரல. அப்பத்தான் எனக்குப் புத்தி கோணலாப் போச்சு. நோயாளி ட்யூப்ல நல்ல ரத்தத்த ஊத்திட்டா, லிஸ்ட்டுல நோய் இருக்குன்னு இருக்கும், ஷ்யாம் இல்லன்னு எழுதுவான். ஒண்ணு பிசகுனாப் போதுமே.

நல்ல ரத்தத்துக்கு எங்க போறது? கதவ சாத்திட்டு, சட்டைய மடிச்சு, ரப்பர் பட்டைய பல்லால இழுத்துக் கட்டி, என் இடது கையில நானே ஊசியக் குத்திக்கிட்டேன். குத்தினதே தெரியல. பதினோரு வருஷக் கை, சும்மாவா? எனக்கே பெருமையா இருந்துச்சு.

நாலு நாள் கழிச்சு லேபு ஆளுங்க எட்டுப் பேரையும் ஒக்கார வச்சு, மேடம் பீரோவுல இருந்து லிஸ்ட்ட எடுத்தாங்க. ஒவ்வொரு நம்பரா வாசிச்சாங்க. முப்பத்தாறு வரைக்கும் அத்தனையும் சரி. அடுத்தது என் ட்யூப்.

அப்ப ஷ்யாம் எந்திரிச்சான்.

"முப்பத்தேழ விட்டுருங்க மேடம். அது செல்லாது. என் கைப்பிசகு."

மேடம் மொகம் வாடிப்போச்சு. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, மன்னிச்சிருங்கன்னு மட்டும் சொன்னான். மிச்சம் இருவத்தி மூணும் சரியாத்தான் வந்துச்சு. ஆனா அறுபதும்னு சொன்னது சொன்னதுதான்னு, போஸ்ட் எனக்குன்னு முடிச்சிட்டாங்க. என் சூழ்ச்சி பலிச்சிருச்சு, ரிசல்ட் தோதா வராததால பய மழுப்புறான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

கனகலட்சுமிக்கு போன் போடலாம்னு வண்டி நிறுத்துற எடத்துக்கு வந்தேன். பின்னாடியே ஷ்யாமும் வந்தான்.

"அண்ணே, மொக்கைச்சாமி அன்னிக்கு வரல. பஸ்ஸ விட்டுட்டேன்னு எனக்குத்தான் போன் பண்ணுனாரு. ஆனா அன்னிக்கு எனக்கு வந்த ஒரே ட்யூப் முப்பத்தேழு."

எடுத்த போனத் திரும்பப் பாக்கெட்டுல போட்டேன்.

"உங்க முழங்கையில பஞ்சு ஒட்டியிருந்தத நான் பாத்தேண்ணே. முப்பத்தேழு பாஸிட்டிவ். மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

எரிச்சலா வந்துச்சு. அப்ப உன் டெஸ்ட்டே தப்புடான்னு சொன்னேன். இருக்கலாம்ண்ணே, ரத்தத்த மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டு, அவன் என் இடது சட்டைக் கைய மடிச்சான். முழங்கை மடிப்புல வெளிறிப்போன வட்டம். கனகலட்சுமி ரெண்டு மாசமாக் காட்டிக் காட்டிச் சொன்னது. வெயில்ல வந்த தேமல்னு ஒரு களிம்பத் தடவிட்டு விட்டிருந்தேன். தெனம் இருவது பேரு தோலப் பாக்குறவன், என் தோலப் பாக்கல.

கண்ண மூடச் சொன்னான். தொழுநோய்த் தேமல்ல தொட்டாலும் குத்துனாலும் உணர்ச்சி இருக்காது, வாரவங்களுக்கு நாங்க செஞ்சு பாக்குற சோதனதான். பாக்கெட்டுல இருந்து பஞ்ச எடுக்குறது தெரிஞ்சுச்சு. கண்ண மூடிக்கிட்டு நின்னேன்.

"எப்பத் தொடப்போற?"

"தொட்டுட்டுத்தாண்ணே இருக்கேன்."

அப்படியே வண்டி மேல சாஞ்சுட்டேன். ஆரம்பந்தாண்ணே, மாத்திரையிலயே சரியாயிரும், வாரவங்களுக்கெல்லாம் நீங்கதான தைரியம் சொல்லுவீங்கன்னு என் தோளப் புடிச்சுக்கிட்டான்.

லிஸ்ட்டுலயும் நோயாளி, ரிசல்ட்டும் பாஸிட்டிவ். பேசாம இருந்திருந்தா இவனுக்கு அறுபதுக்கு அறுபது. அப்புறம் ஏன்டா எந்திரிச்சன்னு கேட்டேன்.

"மொக்கைச்சாமி ரத்தம் இல்லன்னு தெரிஞ்சும் அத வச்சு எப்படிண்ணே வேல வாங்குறது? யாரு ரத்தம்னு எட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

கனகலட்சுமிகிட்ட இருந்து போன் அடிச்சுச்சு. கட் பண்ணிட்டேன். மடிச்ச சட்டைய எறக்கி விடாம மாடியேறுனேன். லேபு ஆளுங்க யாரும் இன்னும் கெளம்பல. மேடம் நிமிந்து பாத்தாங்க.

"முப்பத்தேழாம் நம்பர் ஷ்யாமோட தப்பில்ல மேடம். அது என் ரத்தம்."