குதிரை மீது ஒரு புகார்

“இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல ஒண்ணு நான் இருக்கணும், இல்லேன்னா அந்தக் குதிரை இருக்கணும்!”

விடியற்காலைப் பனியில், தோளில் கம்பளியும் கையில் பாடப்புத்தகமுமாக வாசலில் நின்று கத்தினான் சேனாதிபதி.

பக்கத்துக் கொட்டிலிலிருந்து இருளாயி எட்டிப் பார்த்தாள். கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் ஒற்றைக் குதிரை அவளுடையது. சீசன் முடிந்ததும் பக்கத்திலுள்ள இந்த அட்டுவம்பட்டிக்குக் குடிவந்தவள். அவள் கொட்டிலுக்கும் சேனாதிபதியின் படுக்கையறைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தகரச் சுவர். தினமும் வெள்ளனே அந்தத் தகரத்தை நாலு உதை உதைத்தால்தான் குதிரைக்குப் பொழுது விடியும்.

“பேரு என்னமோ சேனாதிபதி. ஒத்தக் குதிரையச் சமாளிக்க முடியலையாக்கும்?”

“சிரிக்காதே இருளாயி! பரீட்சைக்குப் படிக்கிறவன் நான். மனுக் குடுத்து உன் கொட்டிலையே பிரிக்க வைக்கிறேனா இல்லையா பார்!”

“குடுங்க கணக்கய்யா. மனுவுல குதிரை பேரையும் மறக்காம எழுதுங்க. ராசாத்தி.”

சேனாதிபதி தோட்டக் கம்பெனி ஆபீஸில் கணக்கு குமாஸ்தா. காஸ்ட் அக்கவுண்டன்சி என்னும் அடக்கவிலைக் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றிருந்தான். இந்த டிசம்பரிலும் கோட்டை விட்டால், காலியாகிற அக்கவுண்டன்ட் நாற்காலிக்கு மதராசிலிருந்து ஆள் வரும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நாள் முழுக்க ஆபீஸில் இருப்பவனுக்குப் படிக்க நேரம் ஏது? அதற்காக ஓர் அட்டவணை போட்டிருந்தான். சிவப்பு மை, பச்சை மை, கீழே இரட்டைக் கோடு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தணிக்கை என்று இருந்தது. அந்த வேளையை மேனேஜர் விழுங்கினார். சாயங்காலம் கம்பெனிச் சட்டம். அதை விருந்தாளிகள் விழுங்கினார்கள். மிஞ்சியது விடியற்காலை மட்டும்தான். அதைத்தான் இப்போது குதிரை விழுங்குகிறது என்பது அவன் கட்சி.

மனைவி தமயந்தி காபியை நீட்டினாள்.

“ஏங்க, போன ரெண்டு தடவையும் பக்கத்துல குதிரையே இல்லையே?”

“அப்ப அலாரம் கடிகாரம் சரியில்ல.”

“கடிகாரம் நல்லாத்தான் அடிச்சுது. நீங்கதான் அதைத் தலகாணிக்கு அடியில போட்டு அமுக்கினீங்க.”

“நீ குதிரை கட்சியா?”

தமயந்தி உள்ளே போய்ச் சிரித்தாள். சிரிப்பு தகரத்தையும் தாண்டிக் கேட்டது.

அடுத்த இரண்டு நாள் உதைச் சத்தமே இல்லை. ‘மனுன்னதும் பயந்துட்டா’ என்று பூரித்துப்போன சேனாதிபதி, இரண்டு நாளும் கம்பளிக்குள் சுருண்டு, ஜன்னலில் வெயில் அடிக்கும்வரை தூங்கினான். அடக்கவிலைக் கணக்கும் அவனோடு தூங்கியது.

மூன்றாம் நாள் விடியலில், தடார்! தடார்!

முன்னைவிடப் பலமாக. தலைமாட்டுக்கு நேராக.

துள்ளி எழுந்தான். போன தூக்கம் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் விளக்கை ஏற்றிக் கணக்கில் உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட கணக்குகள் எல்லாம் சரியாக வந்து தொலைத்தன. அன்றிலிருந்து தினமும் இதே கதை. பல்லைக் கடித்தே பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டான். ஆனாலும் கோபம் ஆறவில்லை. மனுவை எழுதிக் கொடுத்தே விட்டான். பரீட்சை எப்படியோ, அந்த மனு முதல் வகுப்பில் தேறும்படி இருந்தது.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் குமாரவேல் காதைச் சுற்றி மப்ளரும் கையில் டார்ச்சுமாக, பொழுது புலரும் முன்னே வந்து சேர்ந்தார்.

“என்ன குளிரு! என்னை இந்நேரத்துக்கு வரவழைச்சிட்டீரு. குதிரை உதைக்கலேன்னு வையும், நான் உம்மை உதைப்பேன்.”

“உதைக்கும் சார். நாள் தவறாம உதைக்கும்.”

மூன்று பேரும் படுக்கையறையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

தடார்! தடார்!

சுவரில் மாட்டியிருந்த அட்டவணை கழன்று இன்ஸ்பெக்டர் தலையில் விழுந்தது.

“யப்பாடி! நல்ல சாதிக் குதிரைதான்” என்றார் அவர்.

“கேட்டீங்களா சார்? இப்படி இருந்தா மனுஷன் எப்படிப் படிக்கிறது? வாங்க, கையும் களவுமாப் பிடிப்போம்!”

கையில் எடுத்த புத்தகத்தோடு சேனாதிபதி முன்னால் ஓடினான். இன்ஸ்பெக்டர் பின்னால் ஓடினார். கொட்டில் படலைத் தள்ளிக்கொண்டு டார்ச்சை அடித்தார்கள்.

உள்ளே குதிரை இல்லை. சாணம்கூட இல்லை.

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இருளாயி நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்திருந்தாள். முதுகு தகரத்தின் பக்கம். ஒரு கால், அடுத்த உதைக்காக அந்தரத்தில்.

“ஏம்மா, குதிரை எங்கே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வடகவுஞ்சியில எந்தம்பி வீட்டுல புல்லு மேயுதுங்க. அய்யா மனுக் குடுக்கிறேன்னு குதிச்ச அன்னைக்கே ஓட்டிவிட்டுட்டேன்.”

“அப்புறம் நீ எதுக்கு உதைக்கிறே?”

இருளாயி காலை இறக்கினாள். சிவந்திருந்த குதிகாலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, புத்தகத்தோடு நின்ற சேனாதிபதியைப் பார்த்தாள்.

“அது போனதும் மொத ரெண்டு நாளு இவரு ஜன்னல்ல வெளக்கு எரியலையே. குதிரைதாங்க ஊருக்குப் போச்சு. பரிச்சை இங்கனதானே கெடக்கு?”