புல்லோடு ஒரு மண்கட்டி

கடற்கொள்ளையில் தலையெடுத்து, இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் இனத்துக் குடும்பம் அது; தனக்கு எத்தனை ஊர் என்று அதற்கே தெரியாது. அதன் பிரபு இந்த ஊரையும் ஏற்க வந்திருந்தார். வழக்கப்படி, உழுகிறவன் புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டிக் கொடுத்தால் நிலம் கைமாறிவிடும். நிலத்தைக் கொடுத்துவிட்டால் தனக்கு விடுதலை, ஆற்றுக்கு அக்கரையில் பிள்ளை பெற்றிருக்கும் மகளிடம் போய்விடலாம் என்று நம்பிய பண்ணையாள் எட்ரிக், பெரிய கட்டியாகவே வெட்டி நீட்டினான்.

“அப்ப நான் கெளம்பட்டுங்களா, எசமான்?”

பிரபுவின் காரியக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். “எங்கடா கெளம்புற? மண்ணை வாங்குறவரு புழுவை மட்டும் பொறுக்கி வெளிய விடுவாரா?”

பிரபு கையுறையைக் கழற்றாமல் ஒரு விரலால் கட்டியைத் தொட்டுவிட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். கட்டி எட்ரிக்கின் கையிலேயே கனத்தது. கீழே வைக்க யாரிடம் உத்தரவு கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.