அன்புச்செல்வியிடம் ஒரு மன்னிப்பு

"இந்த ஆளை நிரந்தரமா தடை பண்ணியே ஆகணும்மா. இவனுக்கெல்லாம் விசாரணையே அதிகம்" என்றார் மணிமாறன்.

"ஆமாங்க சார்" என்றாள் தனப்பிரியா.

அஸ்தம்பட்டியில் ஓர் ஓட்டல். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

இருவரும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். அதனால் சண்டைக்குப் பஞ்சமில்லை. வரம்பு மீறுகிறவர்களை விசாரித்து வெளியே அனுப்புவது இவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மணிமாறன் தமிழ்ப் பேராசிரியர். தனப்பிரியா நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள்.

"செவ்வாய்ப்பேட்டையைப் பத்தி அந்த அன்புச்செல்வி எவ்வளவு ஆசையா எழுதியிருந்தாங்க! அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கான் பாத்தீங்கல்ல?"

பார்க்காமல் என்ன? தனப்பிரியாவுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

'எல்லாத்துக்கும் ஆதாரம் பேராசிரியர் மணிமாறன் தானே காசு போட்டு அச்சடிச்ச புத்தகம். இது வரலாறா, வியாபாரமா? உங்களையெல்லாம் யாரும்மா எழுதச் சொன்னது? போய் அடுப்பைப் பாருங்க.'

"என் புத்தகத்தைச் சொன்னதுல எனக்கு வருத்தமே இல்லைம்மா. ஒரு பெண்ணைப் பார்த்து அடுப்பைப் பாருன்னு சொல்றான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை" என்ற மணிமாறன், பரிமாறுகிறவர் பக்கம் திரும்பினார். "யோவ், ரசம் எங்கய்யா? காது செவிடா?"

அன்புச்செல்வி 'இனி எழுத மாட்டேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டாள். மனசு கேட்காமல் தனப்பிரியாதான் அவளுக்குத் தனியாக மடல் எழுதினாள். 'எங்க ஊட்டுக்காரரும் இதே வார்த்தையைத்தான் சொல்வாருங்க. ஒரு நாள் லேப்டாப்பையே தூக்கி வீசிட்டாரு. அன்னிக்கு பஸ்ல உக்காந்து அழுதேனுங்க. இப்ப கம்பெனி பஸ்ல போறப்ப செல்லுலதான் எழுதறேன். நீங்க போயிராதீங்க.'

'அழாதீங்க அக்கா. உங்களை நினைச்சா எனக்கும் அழுகையா வருது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இருவரும் நிறைய எழுதிக்கொண்டார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் தனப்பிரியா அவளிடம் சொல்லியிருந்தாள்.

குற்றவாளி வந்துவிட்டார். சென்றாயன். தம்மம்பட்டியில் பத்திர எழுத்தர். ஐம்பதைத் தாண்டியவர். நேரில் வந்து பேச ஒரு வாய்ப்பு கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார்.

உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"தப்புத்தாங்க. கோவத்துல எழுதிட்டேன். எம் பொண்ணு சித்ரா அதைப் படிச்சுட்டா. 'நாளைக்கு என்னையும் இப்படித்தான் சொல்வியாப்பா'ன்னு கேட்டா. அதுலேர்ந்து என் மூஞ்சியே பாக்கறதில்ல."

தனப்பிரியா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். நல்லா வேணும் என்றிருந்தது.

"அந்தம்மா எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல போய் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

மணிமாறன் சிரித்தார். "எழுதினவங்க விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமில்ல? இணையத்துல விரட்டினது பத்தாதா? ஊட்டுக்கே போய் விரட்டணுமா?"

சென்றாயன் முகம் செத்துவிட்டது. "ஐயோ, அப்படியில்லீங்க. தடை பண்ணிக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு முன்னால களஞ்சியத்துல அவங்க பேருல இருக்கற பக்கத்துல ரெண்டு வரி எழுதிக்கறேன். அதுக்கு மட்டும் விடுங்க."

"எழுதித் தொலைங்க. எழுதி முடிச்சதும் தடைதான். தனப்பிரியா, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதங்க சார்."

மணிமாறன் செல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

சென்றாயன் நின்றபடியே தன் செல்லில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். பிறகு தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினார்.

"'அம்மா, ஆதாரம் பத்தாதுன்னு இன்னமும் சொல்றேன். ஆனா அடுப்பைப் பாருன்னு சொன்னது கேவலம். மன்னிச்சுடுங்க. நான் போயிடறேன், நீங்க திரும்ப எழுத வாங்க.' இது போதுங்களா?"

தனப்பிரியா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அனுப்பினார்.

டிங் என்று மேசையில் ஒரு சத்தம். மணிமாறனின் செல். தனப்பிரியா சும்மாதான் திரும்பினாள்.

'அன்புச்செல்வி, உங்கள் பக்கத்தில் சென்றாயன் ஒரு செய்தி எழுதியிருக்கிறார்.'

இன்னொரு முறை படித்தாள். காது இரண்டும் சுட்டது. லேப்டாப், ஊட்டுக்காரர், பஸ்ஸில் அழுதது... எல்லாம் இந்த மணிமாறனிடமா? 'அழாதீங்க அக்கா' என்று எழுதியது அவர் விரல்தானா?

சென்றாயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "அப்ப நான் கெளம்பறேங்க."

"இருங்கண்ணா." தனப்பிரியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க."

"இல்லீங்க, அவரு வந்தா திட்டுவாரு."

"நேர்ல மன்னிப்பு கேக்கோணும்னு சொன்னீங்கல்ல?"

மேசையிலிருந்த செல்லை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது, கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி மணிமாறன் வந்துகொண்டிருந்தார்.

தனப்பிரியா அவரைக் காட்டிச் சொன்னாள்:

"அன்புச்செல்வி கை கழுவிட்டு வாராங்க. கேட்டுக்குங்க."