கடைசி ஊசியும் ஒரு கொசுவும்

“என்னைக் கடிச்ச கொசு உயிரோட வீடு போய்ச் சேர்ந்ததே இல்ல சிஸ்டர். கடிச்ச இடத்துலயே மல்லாந்துடும்.”

“கையை மடிச்சு விடுங்க ஐயா” என்றாள் நர்ஸ்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டார். டிப்போவில் அவருக்குப் ‘பீலா’ என்று பெயர். பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஒருமுறை கெஞ்சியே நிறுத்தினேன் என்று சொன்னதற்குக் கிடைத்த பட்டம்.

வெப்ப நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் சின்ன கிளினிக் அது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கொசுப் படம். வலை கட்டித் தூங்கு, கொதித்த தண்ணீரையே குடி, வெட்டி வைத்த பழத்தைத் தொடாதே என்று அதற்குக் கீழே அதட்டல்கள்.

அப்படி ஒரு நாட்டில் அவருடைய மகன் பாலம் கட்டுகிறான். அவனைப் பார்க்கப் போகத்தான் இத்தனை ஊசியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு முடித்திருக்கலாம். மற்றவர்கள் இரண்டு கையையும் நீட்டி, பல்லைக் கடித்து, வேலை முடிந்தது என்று ஓடிவிடுவார்கள். இவர் மட்டும், “நான் யானைதான் சிஸ்டர், ஆனா யானையைக்கூட ஒரே நாள்ல நாலு தடவை குத்தக்கூடாது” என்று ஏதோ சொல்லி, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது ஊசி அல்ல. ஊசிக்குப் பிறகு வரும் அரை மணி நேரம்.

அங்கே ஒரு விதி உண்டு. ஊசி போட்டவரை உடனே அனுப்பக்கூடாது. மூலை நாற்காலியில் உட்காரவைத்து, மயக்கம் வருகிறதா, உதடு வீங்குகிறதா என்று அரை மணி நேரம் முகத்தையே கவனிக்க வேண்டும்.

ஆயுள் முழுக்க ஜனங்களுக்குப் பிடரியைக் காட்டியே பிழைத்தவர் அவர். உலக ஜனத்தொகையில் பாதியை ஏற்றி இறக்கியிருப்பார். ஒருத்தரும் முகத்தைப் பார்த்ததில்லை. மனைவி பார்த்தாள். அவள் போன பிறகு கண்ணாடிதான், அதுவும் சவரம் செய்யும் அன்றைக்கு மட்டும்.

இங்கே ஒருத்தி, சம்பளத்துக்கே ஆனாலும், எதிரே உட்கார்ந்து கேட்கிறாள். தலை சுத்துதா ஐயா? மூச்சு வாங்குதா?

பதிலுக்கு அவர் அளந்து தள்ளினார். பனிமூட்டத்தில் மோப்பம் பிடித்தே மலை இறங்கினாராம். ஹாரன் அடித்து மழையை வரவழைத்தாராம். மழை வந்ததும் வைப்பர் வேலை செய்யாமல், கண்ணிமையாலேயே துடைத்துக்கொண்டு ஓட்டினாராம்.

அவள் ஒன்றைக்கூட நம்பியதில்லை. “என் காதுல பூ சுத்த இடமே இல்ல, விட்டுடுங்க” என்பாள்.

இன்றைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. கடைசி ஊசி.

குத்தி முடித்துப் பஞ்சை அழுத்தினாள். அவர் எழுந்து, சொந்த டிரைவர் சீட்டில் ஏறுகிறவரைப் போல மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எப்ப கிளம்பறீங்க?”

“மழை முடியட்டும்பான்னு பையன் சொல்லியிருக்கான்.”

அவள் ஊசி அட்டையில் தேதியைக் குறித்தாள். அந்த நாட்டில் வருஷம் பூராவும் மழை, குடையை மறந்துவிடாதீர்கள் என்று முதல் நாளே அவருக்குச் சொன்னவள் அவள்தான்.

சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. அவருக்குக் கதை எதுவும் வரவில்லை. கடைசி டிரிப் முடித்து டிப்போவுக்குத் திரும்பும் பஸ் மாதிரி வாய் காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் வந்தது.

கொசு. கொசு பரப்பும் காய்ச்சலுக்கு ஊசி போடும் அறைக்குள், ஆளுயரக் கொசுப் படத்தையும் தாண்டி, போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருட வந்தவனைப் போல. சிட்டுக்குருவி அளவாவது இருக்கும், சத்தியமாக.

நேராக அவர் முன்னங்கையில் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் அடிக்கவில்லை. அசையக்கூட இல்லை. வெகு நாளைக்குப் பிறகு அவரைத் தேடிக்கொண்டு வந்திருக்கும் உயிர்.

சாவகாசமாகக் குடித்தது. வயிறு சிவந்தது. பிறகு ஜம்மென்று எழும்பி, ட்யூப் லைட்டை ஒரு சுற்றுச் சுற்றி, திறந்திருந்த ஜன்னல் வழியே போயே போய்விட்டது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அரை மணி ஆகிவிட்டது. மடித்த கையை இறக்கி, பொத்தானைப் போட்டார். ஒரே பொத்தான்தான். அதைப் போட்டு முடிக்க ஒரு யுகம் ஆயிற்று.

“வரேன் சிஸ்டர்.”

நர்ஸ் எழுந்து வந்தாள். அவர் காலடியில் குனிந்தாள். பளிச்சென்று துடைத்திருந்த வெறும் தரையிலிருந்து எதையோ பஞ்சில் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தாள்.

“எங்க எழுந்துட்டீங்க? உக்காருங்க. இன்னும் ஒரு அரை மணி நேரம் உங்களைப் பாக்கணும்.”

“ஏம்மா, எனக்குத்தான் ஒண்ணும் ஆகலியே?”

அவள் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உங்களுக்கு ஆகலை. கொசு செத்துப்போச்சே ஐயா. நானே என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”