பெரிய இன்ஜெக்டர்

"உங்கப்பா காருக்குப் பெரிய இன்ஜெக்டர் மாட்டுறாராம். மெக்கானிக் சம்சாரத்தைக் கடையில பார்த்தேன், சொன்னாங்க."

மருமகள் சும்மாதான் சொன்னாள். சொன்ன வாயை மூடுவதற்குள் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவானே என்று அவளும் கூடப் போனாள்.

அவனுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. நசுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, வேகத்தின் கேடுகளைப் பற்றிக் கல்யாண வீட்டில்கூடப் பிரசங்கம் பண்ணுகிறவன். அப்பாவோ மூன்று வாரமாகக் கார் சாவியை யாருக்கும் தருவதில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். அறுபத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று மருமகளுக்கும் எரிச்சல்தான்.

"பெரிய இன்ஜெக்டர்னா என்னங்க?"

"என்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுறது அதுதான். பெருசா போட்டா நிறையப் பீச்சும். டர்போ வண்டிக்கு எவனாவது அதைப் போட்டா வேகத்துக்குத்தான் போடுவான். வீடு போ போங்குது, காடு வா வாங்குது, இவருக்கு ரேஸ் கேக்குது."

ஒர்க்‌ஷாப்பில் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெக்கானிக் லேப்டாப்பைச் சொருகிப் பெட்ரோல் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இதெல்லாம்?"

"இன்ஜெக்டர்."

"அது தெரியுது. எதுக்கு?"

"பழசு பத்தலை."

"பதினெட்டு வருஷமாப் பத்தினது இப்ப ஏன் பத்தலை?"

மெக்கானிக் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் பார்த்த பார்வையில் மறுபடியும் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"ஆடி அடங்க வேண்டிய வயசுல வேகம் கேக்குதா? எவனையாவது இடிச்சுட்டு வந்து நின்னா யார் பதில் சொல்றது? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் குடும்பம் குடும்பமாத் தெருவுக்கு வருது. ஆபீஸ்ல தினம் பாக்குறேன். இனிமே நீங்க வண்டியைத் தொட வேணாம். சாவியைக் கொடுங்க."

"ஏங்க, நாலு பேர் பாக்குறாங்க" என்று மருமகள் முணுமுணுத்தாள்.

"பாக்கட்டும். அப்பவாவது புத்தி வரட்டும்."

மாமனார் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. ஓட்டிப் பாத்துட்டேன், என்ஜின் தட்டுற சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. பிரேக்கும் புதுசு மாட்டியாச்சு."

மாமனார் எழுந்து, சாவியை எடுத்து மகன் கையில் வைத்தார். அவ்வளவுதான். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு வெற்றிச் செய்தி சொல்ல வாசலுக்குப் போனான்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை.

"அவர் அத்தனை பேசினாரே, ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"என்ஜினுக்குள்ள டர்போ தள்ளுற காத்தை, வேகம் கூடட்டும்னு யாரோ ஏத்தி வெச்சிருக்காங்கம்மா. காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் அதுக்கு ஈடா வரலை. அப்படியே விரட்டினா பிஸ்டன் உருகிடும். போற வேகத்துலயே என்ஜின் பிடிச்சுக்கும்."

"காத்தைக் குறைச்சிட வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவை குறைச்சேன். ஞாயித்துக்கிழமை வண்டி வெளிய போயிட்டு வந்தா மறுபடி ஏறியிருக்கு."

மாமனார் ஓட்டினால் சைக்கிள்கூட முந்திக்கொண்டு போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், அடிபட்ட வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி இந்தக் காரை எடுத்துப் போனது யார் என்பதும் உறைத்தது.

"அதான் மூணு வாரமா சாவி தரலையா?"

"புது இன்ஜெக்டர் வந்து சேர அவ்வளவு நாள் ஆச்சும்மா. பழசோட எப்படி விடுறது அவனை?"

வாசலில் அவன் வேகத்தின் கேடுகளைப் பற்றி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் தெரிஞ்சும் அவர் கையிலயே சாவியைக் கொடுத்திருக்கீங்களே மாமா. கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கணும்."

"விட்டா, வேற எவன் வண்டியையாவது வாங்கிட்டுப் போய் விரட்டுவான். அந்த வண்டியில பிரேக் பிடிக்குதா, பெட்ரோல் பத்துதான்னு நான் யார்கிட்டம்மா போய்க் கேக்குறது?"