சூடாகாத சிப்

மொபைல் போனுக்குள் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் சிப்பில், வீணாகிற மின்சாரம் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அவள் செய்த சிப் பாதி மின்சாரத்தை வீணடித்துக்கொண்டு சண்டித்தனம் செய்தது. மேலாளரோ அறுபது சதவீதத் திறன் கேட்டு உயிரை வாங்கினார். போன வாரம் அவள், கேபிளில் வீணாவதற்காக அளக்கும் கருவி சேர்த்துக்கொள்ளும் அளவை, உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். திரையில் பொய்யாக அறுபத்தொன்று வந்தது.

"பின்னிட்டேம்மா!" என்றார் மேலாளர். அவளுக்குக் கன்னம் சுட்டது.

மனசு கேட்காமல் இன்று சரியான அளவையே போட்டாள். அறுபத்தொன்று அசையவில்லை.

சூட்டைக் காட்டும் கேமராவைப் பிடித்திருந்த பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். "என்னக்கா, சிப் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. உங்க மூஞ்சிதான் கொதிக்குது. காய்ச்சலா?"

அவள் சிப்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். கன்னம் ஆறியது. மறுபடி போட்டாள். சுட்டது.

கைக்குட்டையை நனைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"சார், அந்த நம்பர் தப்பு. நான்தான் மாத்திப் போட்டேன்."

"அட, நானே இப்போ இன்னொரு சிப்பை அளந்து பாத்துட்டுதான் வரேன். கரெக்டா இருக்கு. சும்மா பயப்படாதேம்மா. மொதல்ல பத்து லட்சம் போன்ல ஏத்துறோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கைக்குட்டை காய்ந்திருந்தது.