கால் பிடிக்கிற படிப்பு

விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். மணி நாலே முக்கால்.

நிர்மலின் மடிக்கணினி முன்னால் வர்ஷா விரல்களைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன அவன் மனைவி ரோஷினியின் தங்கை. பிசியோதெரபிதான் படிப்பேன் என்று நாலு நாளாக இந்தச் சேக்காட்டு வீட்டில் சண்டை. ஆவடிக் கல்லூரி ஒன்றில் பி.காம் இடம் தயாராக இருந்தது.

அண்ணனூர் ரயில் ஷெட்டில் டூட்டி முடித்து வந்த மாமனார் கோதண்டம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"காலு புடிச்சு உடறதுக்கு நாலு வருசம் படிப்பா? கொஞ்சம் எண்ணெய குடு, நானே புடிப்பேன். இன்னா மாப்ள, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

மூலையில் ரோஷினியின் வாக்கர். அதன்மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"மாமாவ பாத்துதான்பா எனக்கு ஆசையே வந்துச்சு," என்றாள் வர்ஷா. "தொடையில ஆபரேஷன் பண்ணிகினு அக்கா இங்க படுத்திருந்தப்ப, கெண்டக்கால் வீங்கிடுச்சுன்னு தெனம் உக்காந்து தேச்சு உட்டாரே."

கோதண்டம் குரல் இறங்கியது. "அது வாஸ்தவம். எந்த ஆம்பள பொண்டாட்டி காலத் தொடுவான்?"

நிர்மல் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

வர்ஷா சிரித்தாள். மாமா சொல்லப்போவது அவளுக்குத் தெரியும்.

"பி.காம் போதும்," என்றான் நிர்மல்.

வேறு யாரோ பேசியதுபோல அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை.

மணி ஐந்தானது. கோதண்டம் சட்டையைக் கழற்றினார்.

சீனியர் ஒருத்தியிடம் வர்ஷா இரவல் வாங்கிய பாடப்புத்தகம் மேசையில் கிடந்தது. அவள் இன்னும் பிரிக்கவில்லை. அவன் பிரித்திருந்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீங்கும் கெண்டைக்காலைத் தேய்க்கக் கூடாது. உள்ளே உறைந்திருக்கும் ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிடும். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்திருந்தான்.

அன்று ஆஸ்பத்திரியில், மூச்சு நின்றுபோன ரோஷினியின் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து கேட்டார். யாராவது தேய்த்தீர்களா?

இல்லை என்றான். உள்ளங்கையில் எண்ணெய் இன்னும் காயவில்லை.